வலி நின்றால்தான் பயப்பட வேண்டும்

(அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக் கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல் டாக்டர் பேச வருகிறார் என்றதும், ராத்திரியும் பல் துலக்கு, இனிப்பைக் குறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டு என்று சொல்லிவிட்டுப் போவார் என நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தும் செய்யமாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும். இன்றைக்கு நான் பேச வந்தது வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல், கிளினிக் எல்லாம் ஷட்டர் இறக்கிய பிறகு, வாயில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு விடியும்வரை பொறுக்கலாம்?

இந்த ஊர்க்காரர்களுக்கு அது முக்கியமான கேள்வி. மலைக்குப் பின்புறம் இருக்கிறீர்கள். இந்தப் பக்கமாகப் போனாலும் அந்தப் பக்கமாகப் போனாலும் டவுனுக்கு ஏறக்குறைய பாதி வட்டம். சாதாரண நாளில் பைக்கை எடுத்தால் கொஞ்ச நேரம்தான். பௌர்ணமி ராத்திரியிலும் தீபத்தன்றும் அந்தப் பாதை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல் விஷயத்தில் வலி எவ்வளவு என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. பெரும்பாலும் கணக்கு தலைகீழாக இருக்கும். வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொள்கிறவர் நடு ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார். அவர் காலையில் வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. தாடைக்குக் கீழே வீங்கி, வாய் சரியாகத் திறக்காமல் இருக்கிறவரோ மூன்றாம் நாள்தான் வருவார். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டால், "வலி இல்லையே டாக்டர்" என்பார்.

ஏன் இப்படி? பல்லுக்குள்ளே நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான் இருக்கின்றன. சொத்தை ஆழமாகி அந்த அறையைத் தொட்டதும் உள்ளே இருப்பது வீங்கப் பார்க்கிறது. சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் விண் விண்ணென்று தெறிக்கிற வலி. படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடும், வலியும் கூடும். அதனால்தான் பகலெல்லாம் சும்மா இருந்த பல் படுக்கையில் சாய்ந்ததும் ஆரம்பிக்கிறது. இன்னும் முற்றினால், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருக்கும்வரை வலி அடங்கியிருக்கும், விழுங்கினால் திரும்ப வரும். கையில் ஐஸ் வாட்டர் பாட்டிலோடு, நிமிஷத்துக்கு ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு வருகிற நோயாளியைப் பார்த்தால், வாயைத் திறக்கச் சொல்லாமலே எங்களுக்கு நோய் புரிந்துவிடும்.

இதன் பிறகு ஒருநாள் வலி சட்டென்று நின்றுவிடும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. வைத்த மருந்து கேட்டுவிட்டது, வேண்டுதல் பலித்தது என்பார்கள். நடந்தது என்னவென்றால் உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. கத்துவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமி அங்கேயேதான் இருக்கிறது. வேர் நுனி வழியாக இறங்கி எலும்புக்குள் போகிறது. சில நாளிலோ சில மாதத்திலோ அங்கிருந்து சதைக்குள் வரும். அப்போது வருவதுதான் வீக்கம். ஆகவே கடுமையாக வலித்த பல் வைத்தியம் ஒன்றும் இல்லாமல் தானாக அடங்கினால், சந்தோஷப்படாமல் அடுத்த நாளே வந்து காட்டுங்கள்.

இனி ராத்திரி வலியை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம். தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, குழிக்குள் மாட்டியிருக்கிற சாப்பாட்டுத் துணுக்கை எடுங்கள். பெரியவர்கள் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இதய நோய் இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் அதோடு ஐபுபுரூஃபன் ஒன்றும் சேர்த்துப் போடலாம். பல் வலிக்கு இந்த இரண்டும் சேர்ந்து கேட்கிற அளவுக்குத் தனியாக எதுவும் கேட்பதில்லை. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், டெங்குவாக இருக்குமோ என்ற காய்ச்சலில் இருக்கிறவர்களும் ஐபுபுரூஃபன் பக்கமே போக வேண்டாம், பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராம்பு எண்ணெய் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். அதிலுள்ள யூஜினால் என்ற பொருளைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத்தான் நாங்களே தற்காலிகமாகக் குழியை அடைக்கிறோம். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, குழிக்குள் மட்டும் வையுங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் ஈறு வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரமாக அடக்கிக்கொள்கிறவர்களுக்கும் அதே கதிதான். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக உரிந்து, பல் வலியோடு புண் வலியும் சேர்ந்துகொள்ளும். புகையிலையை அடக்குவது பற்றிப் பேசவே விருப்பமில்லை. வலிக்காக ஒரு ராத்திரி அடக்கியவர் முப்பது வருஷம் அடக்கிக்கொண்டிருப்பார்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பல்லிலிருந்து புழு எடுக்கிற வைத்தியத்தையும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பல்லைப் புழு தின்கிறது என்ற நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமல்ல, மெசபொத்தேமியாவின் களிமண் பலகைகளிலேயே இருக்கிறது. 1728-ல் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்று ஒரு பெரிய நூலை வெளியிட்டபோது, தாம் தேடிப் பார்த்ததில் அப்படியொரு புழு அகப்படவில்லை என்று எழுதினார். நம் பக்கம் அது இன்னும் அகப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, காசு கொடுக்கிறவர்களுக்கு.

இதைவிட எனக்குப் பெரிய கவலை மெடிக்கலில் கேட்டு வாங்குகிற செட் மாத்திரை. "பல் வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்றால் ஒரு பொட்டலம் வரும். அதில் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, பெயர் தெரியாத சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். சர்க்கரை வியாதிக்காரருக்கு அது சர்க்கரையை ஏற்றிவிடும், வீக்கத்தையும் மறைத்துவிடும். ஆன்டிபயாடிக்கோ வெறும் பல் வலிக்கு வேலையே செய்யாது. செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வீக்கமும் காய்ச்சலும் இருந்தால்தான் அதற்கு வேலை. அப்போதும் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதுதான் வைத்தியம், மாத்திரை அதற்குத் துணை.

இப்போது உடனே ஓட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் தாடை எலும்பில் ஆழமாக இறங்கியிருக்கிறது. அங்கே சீழ் பிடித்தால் அது நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழேயும் பரவும். இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகி, நாக்கு மேலே தூக்கிக்கொள்ளும். 1836-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் லுட்விக் இதை விவரித்து எழுதியதால் லுட்விக்ஸ் ஆஞ்சைனா என்று அவர் பெயரிலேயே சொல்கிறோம். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். சீழ் கொல்வதற்கு முன்பே வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்துவிடும். இன்றும் இதில் ஆட்கள் சாகிறார்கள், ஒரு சொத்தைப் பல்லால்.

எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வடிகிறதா, பேச்சு வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கிறதா, இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகிவிட்டதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காய்ச்சல் நடுக்கமும் இருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் பல் கிளினிக்கைத் தேடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பல் கிளினிக் நாற்காலியில் வைத்து இதற்கு வைத்தியம் பார்க்க முடியாது. மயக்க மருந்து டாக்டரும், ஆபரேஷன் தியேட்டரும், தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்கிற வசதியும் இருக்கிற இடம் வேண்டும். டவுனில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நேராக அதன் கேஷுவாலிட்டிக்குப் போங்கள். பல்லில் ஆரம்பித்த வீக்கம், விழுங்க முடியவில்லை, சர்க்கரை இருக்கிறது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் ஆளைப் படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்து முன்னால் சாய்ந்தபடியே வரட்டும்.

வீங்கிய கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுப்பது, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். சீழ் உள்ளே வாய்ப் பக்கம் உடையாமல் வெளியே கன்னத்துத் தோல் வழியாக உடைந்தால், ஆயுசுக்கும் தழும்பு நிற்கும்.

மேல் பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. படித்தவர்களும் கேட்கிறார்கள். கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. உண்மையில் கண்ணுக்கு ஆபத்து, பிடுங்காமல் விட்ட பல்லால்தான் வரும். மேல் பல்லின் சீழ் கண்ணைச் சுற்றி வீங்கச் செய்து, ரத்தக் குழாய் வழியாக மூளைக்கு அடியில் போய்ச் சேர்ந்ததுண்டு. கண் இமை மூடும் அளவுக்கு வீங்கினால் அதுவும் கேஷுவாலிட்டி சமாச்சாரம்தான். கர்ப்பிணிக்குப் பல்லைத் தொடக்கூடாது என்பதும் இதே ரகம். நடு மூன்று மாதம் வசதியான காலம் என்பது உண்மை. சீழும் காய்ச்சலும் வந்துவிட்டால் எந்த மாதமானாலும் பார்த்தே ஆக வேண்டும்.

வீக்கத்துக்கு மணிக்கணக்கு என்றால், அடிபட்டுக் கழன்று விழுந்த பல்லுக்கு நிமிஷக் கணக்கு. இதைக் கடைக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சம்பவம் நடப்பது உங்கள் கடை வாசலில்தான். பைக் சறுக்கும், பையன் கபடியில் முட்டிக்கொள்வான், கூட்டத்தில் ஒரு குழந்தை கல்லில் விழும். முன்பல் வேரோடு வெளியே வந்து மண்ணில் கிடக்கும். எல்லாரும் ரத்தத்தைப் பார்ப்பார்கள், பல்லைத் தேடுகிறவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

முதலில் ஆளைப் பாருங்கள். நினைவு தப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, காதில் மூக்கில் ரத்தம் வந்தாலோ பல்லை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆள் தெளிவாக இருந்தால் பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளையாகத் தெரிகிற தலைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொட வேண்டாம். வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஜவ்வு ஒட்டியிருக்கிறது. பல் மறுபடி எலும்போடு பிடிப்பது அந்த ஜவ்வு உயிரோடிருந்தால்தான். மண் ஒட்டியிருந்தால் தேய்க்காமல், சுரண்டாமல், பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில நொடி அலசுங்கள். பிறகு, தைரியமிருந்தால், அதே குழியில் அதே திசையில் மெல்ல அழுத்தி வைத்து ஒரு சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைவிட நல்ல முதலுதவி கிடையாது. உலகெங்கும் பல் காய மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான்.

கை நடுங்குகிறது, முடியாது என்றால் பாலில் போடுங்கள். கிரிவலப் பாதையில் விடிய விடிய டீக்கடை திறந்திருக்கிறது. பால் இல்லாத நேரமே இங்கே கிடையாது. இந்தப் பதினான்கு கிலோமீட்டரில் எங்கே பல் விழுந்தாலும், அதைக் காப்பாற்றத் தேவையானது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கொதிக்கிற பாலோ சர்க்கரை போட்ட பாலோ வேண்டாம், பிரிட்ஜில் இருக்கிற பாக்கெட் பாலை உடைத்து ஒரு டம்ளரில் ஊற்றுங்கள். பக்கத்திலேயே இளநீர் வெட்டுகிறார்களே, அது ஆகாதா என்று கேட்கலாம். இளநீரை வைத்தும் ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் புளிப்பு இருப்பதால் ஜவ்வுக்குப் பாலளவு ஒத்துக்கொள்வதில்லை. பால் கிடைக்காத இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், அந்த உயிரணுக்கள் தண்ணீரில் உப்பி வெடித்துவிடும். கைக்குட்டையிலோ விபூதிப் பொட்டலத்திலோ மடித்துக் கொண்டுவந்தால் எங்களிடம் வந்து சேர்வது வெறும் எலும்புத் துண்டுதான். அரை மணி நேரத்துக்குள் திரும்ப வைத்தால் நல்ல நம்பிக்கை உண்டு. காய்ந்தபடி ஒரு மணி நேரம் போய்விட்டால் ஜவ்வு செத்திருக்கும். அப்போதும் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கொண்டு வாருங்கள்.

நாங்கள் செய்வது பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்து இரண்டு வாரம் கட்டி வைப்பது. அதற்குள் பெரும்பாலும் வேர் சிகிச்சையும் ஆரம்பிப்போம். தெருவில் விழுந்த அடி என்பதால் டி.டி. ஊசி பற்றியும் கேட்போம்.

இதெல்லாம் நிலைப் பல்லுக்கு. பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக்கூடாது, கீழே வளர்கிற நிலைப் பல்லைக் குத்திக் கெடுத்துவிடும். வழக்கம்போலச் சாணியில் உருட்டிக் கூரையில் எறியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அடிபட்ட இடத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். எது எந்தப் பல் என்று எப்படித் தெரியும்? ஆறேழு வயதில்தான் முன்பல் மாறுகிறது. புதிதாக முளைத்த நிலைப் பல் பெரிதாக இருக்கும், விளிம்பு ரம்பம் மாதிரி நெளிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் நீங்கள் வைக்க வேண்டாம், பாலில் போட்டு எடுத்து வாருங்கள்.

பல் பிடுங்கிய அன்று ராத்திரி ரத்தம் நிற்கவில்லை என்று போன் வரும். பாதிப் பேர் விஷயத்தில் காரணம், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பஞ்சை எடுத்துப் பார்த்து, துப்பி, கொப்பளித்து, உறைந்த ரத்தத்தை அவர்களே கலைத்துவிடுவதுதான். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மடித்து, குழிக்கு நேராக வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். பேசாதீர்கள், துப்பாதீர்கள். அப்படியும் வாய் நிரம்ப வந்துகொண்டிருந்தால் கிளம்பி வாருங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் பல் பிடுங்க வேண்டுமென்று ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். அது கூடாது. பல் ரத்தத்தை எங்களால் நிறுத்த முடியும், அடைத்துக்கொண்ட ஸ்டென்ட்டை எங்களால் திறக்க முடியாது.

பல்லே காரணமில்லாத ஒரு பல் வலியும் இருக்கிறது. கிரிவலம் நடக்கும்போது இடது கீழ்த் தாடையில் வலி வருகிறது, வியர்க்கிறது, திண்ணையில் உட்கார்ந்தால் அடங்குகிறது, எழுந்து நடந்தால் மறுபடி வருகிறது. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நடந்தால் பல் வலிக்காது, இதயம்தான் வலிக்கும். அந்த வலி தாடைக்கு ஏறி வருவது உண்டு. உங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, பல் வலிக்கிறது, கிராம்பு இருக்கிறதா என்று ஒரு வயதானவர் கேட்டால், முகத்தையும் வியர்வையையும் பாருங்கள். கிராம்பு வேண்டாம், அவருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ்.

எங்கே போவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பகலில் அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே ஓ.பி. சீட்டு எடுத்துவிடுங்கள். ராத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டர் வலிக்கும் வீக்கத்துக்கும் ரத்தத்துக்கும் பார்ப்பார், பல் வேலை காலையில்தான். சாலை விபத்தில் தாடை உடைந்தால் பணத்துக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்த கிரிவல யாத்ரீகருக்கும் அது பொருந்தும்.

ஓடுங்கள், ஓடுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். எங்கே ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது, தூரத்தில் இல்லை. நமக்கு அடுத்த திருப்பத்தூர் மாவட்டம், வாணியம்பாடி. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை அந்தப் பகுதியில் காய்ச்சல், தலைவலி, முகம் ஒரு பக்கம் இழுப்பது, பேச்சு குழறுவது என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் தேடிப் போனதில், மெலியாய்டோசிஸ் என்ற நோய் மூளையைத் தாக்கியிருப்பது தெரிந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு பாக்டீரியா அதற்குக் காரணம். மொத்தம் 21 பேர். அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள்.

எப்படி நடந்தது? 2025-ல் வெளிவந்த ஆய்வு சுட்டிக்காட்டுவது ஒரு சலைன் பாட்டிலை. வாயைக் கழுவப் பயன்படுத்துகிற சாதாரண உப்பு நீர். ஈறைப் பிரிக்கிற கருவியாலேயே அதைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்த ஆட்களுக்கும் எடுத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் சலைன் என்ன விலை என்று எந்த மெடிக்கலிலும் கேட்டுப் பாருங்கள். என் தொழிலில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த நாள் கிளினிக்கைத் திறந்தபோது முதலில் எதைப் பார்த்திருக்க வேண்டுமோ, அதை எல்லாரும் பார்த்தார்களா என்று எனக்கு ஐயம் உண்டு.

ஆகவே வலியோடு போனாலும் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். கருவிகள் ஒட்டிய உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா? கையுறை புதிதா, இல்லை போன ஆளுக்குப் போட்டதேயா? ஊசி புதிதா? சலைன் பாட்டில் எப்போது திறந்தது? கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுவரில் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி பதிவில்லாதவர் பல் வைத்தியம் செய்யக்கூடாது. "பரம்பரையாகப் பல் கட்டுகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். அசைகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு பசை வைத்து ஒட்டிவிடுவார்கள், அன்றைக்கு ஆடாது, ஆறு மாதத்தில் இரண்டு பல்லும் போகும்.

போதும் என்று நினைக்கிறேன். டீக்கடை வைத்திருக்கிறவர்கள் போகிறபோது என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பல் வாங்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வேர் என்று கையில் பிடித்துக் காட்டுகிறேன். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீட்டை எடுத்து வந்திருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள். அம்மா, அந்தக் கடைசி வரிசையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தம்பியை முதலில் அனுப்புங்கள். வலி எப்போது நின்றது என்று கேட்க வேண்டும்.